நல்ல நேரத்துக்காகத் தொங்கிய படகு

அன்று காலை கோட்டூர்புரத்து வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்.

கிரேனில் பாஷா பாய். படகின் முன்பக்கக் கயிற்றில் சேகர். பின்பக்கக் கயிற்றில் பழனி. வேப்பமர நிழலில் எங்கள் மேனேஜர் மோகன் சார், வெள்ளைச் சட்டை. படகுக்குச் சொந்தக்காரரான அண்ணாச்சி, பட்டு வேட்டி. அண்ணாச்சியின் அக்கா, கையில் தாம்பாளம். ஐயர் ஒருவர். நாயனக்காரர் ஒருவர், தவில்காரர் ஒருவர். வீடியோக்காரர் ஒருவர். தெருமுனையில் போக்குவரத்துப் போலீஸ்காரர். போர்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த விருந்தாளிகள். கடைசியாக நான்.

எல்லோரும் பார்த்தார்கள். யாரும் பார்க்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். அதனால்தான் இதை முதலில் எழுதி வைக்கிறேன்.

போன மாதம் எங்கள் பழைய கம்பெனி ஒரு வீடியோ போட்டது. வெளிநாட்டுப் படகை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய் இறக்கிய நிறுவனம் என்று கீழே எழுத்து ஓடுகிறது. படகு வெள்ளையாகத் தொங்குகிறது. நாயனம் கேட்கிறது. அதோடு வீடியோ முடிந்துபோகிறது. இப்போது அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் அதை என் போனுக்கு அனுப்பினார்கள். "மேஸ்திரி, இது நீங்க செஞ்ச வேலையாமே. செம மாஸா கீது. சங்கத்து மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள்.

கொடுக்கிறேன். நான் படித்தது ஆறாவது வரைக்கும். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. வீடு ஆதம்பாக்கம். மீசை முளைக்கிற வயதில் துறைமுகத்தில் கலாசியாகச் சேர்ந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் பாரத்துக்குச் சங்கிலி மாட்டுவதும் பெல்ட் போடுவதும் வேலை. அங்கிருந்து, கஸ்டம்ஸில் சரக்கை விடுவித்து இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிற கிளியரிங் கம்பெனிக்கு வந்தேன். கலாசி மேஸ்திரி ஆனேன். டிரான்ஸ்பார்மர், ஆஸ்பத்திரி ஸ்கேன் மிஷின், அச்சு மிஷின் எல்லாம் தூக்கி வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தது இரண்டு சட்டம். தொங்குகிற பாரத்துக்கு அடியில் கை போகக் கூடாது. தூக்கிய பாரத்தைத் தொங்கவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது. இந்த இரண்டையும் அன்றைக்கு ஒரே காலையில் உடைத்தார்கள்.

மோகன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைத் தெரிந்துகொள்ளாவிட்டால் மற்றது புரியாது.

அவருக்கு நந்தனத்தில் ஆபீஸ், இரண்டாவது மாடி. மைலாப்பூரிலிருந்து தினமும் நேரத்துக்கு வருவார். நாம் உள்ளே போனால் எழுந்து நிற்பார். "வாங்க மேஸ்திரி, உக்காருங்க" என்பார். நமக்குத்தான் முதலில் காபி வரும், அவருக்குப் பிறகுதான் வரும். அவர் கத்தி நான் கேட்டதில்லை. வாடா போடா கிடையாது. வீட்டில் சுகமா என்று கேட்பார், பிள்ளைகள் பெயரைச் சொல்லிக் கேட்பார். கைக்குட்டையை நாலாக மடித்து மேசையில் வைத்து, அதன் மேல் கண்ணாடியை வைப்பார்.

அவர் எந்த வேலையையும் செய் என்று சொல்லமாட்டார். "பாத்துக்கோங்க" என்பார். அவ்வளவுதான்.

ஒருமுறை டிரான்ஸ்பார்மர் ஒன்று. இரவு பர்மிஷன் வரவில்லை. டிரைவர் போய், "சார், பர்மிஷன் இல்லாம எடுத்தா போலீஸ் புடிக்கும்" என்றார். "ஆமாமா. ஆனா பார்ட்டிக்கு நாளைக்குக் காலைல வேணுமாம். பாத்துக்கோங்க" என்றார் மோகன் சார். டிரைவர் எடுத்தார். போலீஸ் பிடித்தது. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். காலையில் மோகன் சார் இட்லிப் பொட்டலத்தோடு வந்தார். இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று, "அடடா, நான் எடுக்கச் சொல்லவே இல்லையே. ஏம்ப்பா அவசரப்பட்ட?" என்றார். சட்னி தனியாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். டிரைவர் அந்த இட்லியைச் சாப்பிட்டார். வேறு என்ன செய்வார்.

அண்ணாச்சிக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கம். துபாயில் ஏதோ கண்காட்சிக்குப் போனவர் அந்தப் படகைப் பார்த்தார், பிடித்துவிட்டது, வாங்கிவிட்டார். முப்பத்து நாலு அடி நீளம். பின்னால் இரண்டு எஞ்சின், ஒவ்வொன்றும் முந்நூறு குதிரைச் சக்தி. கப்பலில் வந்தது. மேலே மூடி இல்லாத இரும்புச் சட்டத்தில் உட்கார வைத்து, நான்கு பக்கமும் இழுத்துக் கட்டி, முழுக்க வெள்ளை பிளாஸ்டிக் சுற்றி அனுப்பியிருந்தார்கள். கப்பலிலிருந்து அதை இறக்கிய நாளிலிருந்து என் பொறுப்பு.

கஸ்டம்ஸில் நாளாகிவிட்டது. கார் என்றால் அவர்களுக்குப் பழக்கம். படகு என்றால் ஆளாளுக்கு ஒரு சந்தேகம். பெட்ரோல் டேங்க் காலியா, பாட்டரி கழற்றியிருக்கிறதா, எஞ்சின் நம்பர் காகிதத்தில் உள்ளதுதானா என்று பார்த்தார்கள். நம்பர் எஞ்சின் மூடிக்கு உள்ளே இருந்தது. வந்த அதிகாரி சின்ன வயதுக்காரர். அந்த உயரத்துக்கு ஏற அவருக்குப் பயம். பழனிதான் ஏறினான். மூடியைக் கழற்றி, நம்பரைச் சத்தமாகப் படித்தான். படித்து முடித்து இரண்டு எஞ்சினுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டான்.

"அண்ணா, இதுல ஒண்ண கழட்டி நம்ம ஆட்டோல மாட்டுனா இன்னா ஆவும்?"

"மூட்றா மூடிய."

"சைதாப்பேட்டைல ஒரு அமுக்கு. திருப்பதில பிரேக்கு. நடுவுல சிக்னல் கூட கண்ல படாது."

அதிகாரியே சிரித்துவிட்டார்.

பழனி என்னிடம் வேலைக்கு வந்து பல வருடம். சைதாப்பேட்டைக்காரன். பெல்ட் போடுவதில் அவன் கைக்கு ஈடு கிடையாது. சாயங்காலம் தன் சொந்த ஆட்டோவை ஓட்டுவான். தி.நகர், மாம்பலம் சவாரி. பிள்ளைகள் படிப்பு அதில்தான் நடந்தது. கம்பெனிச் சம்பளம் வாடகைக்குப் போகும், ஆட்டோதான் சோறு என்பான்.

கஸ்டம்ஸ் விட்ட பிறகும் படகை ஓட்ட முடியாது. கடலில் இறக்குவதற்குப் பதிவு, லைசென்ஸ் என்று தனியாக இருக்கிறது. அது வரும்வரை துறைமுகத்தில் வாடகைக்குக் கிடக்க வேண்டும். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "எம் பொருளு எதுக்குல வெளிய கெடக்கணும்? வீட்டுக்குக் கொண்டாங்க. பூசை போட்டு வைப்போம்" என்றார். வீடு பார்க்கப் போனபோது என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். சுவருக்கு அந்தப் பக்கம் அடையாறு ஓடுகிறது.

"மேஸ்திரி, இப்படியே ஆத்துல எறக்கிவிட்டா நேரா கடலுக்குப் போயிரலாம்லா?"

"முட்டிக்கால் தண்ணி அண்ணாச்சி. கடல் வாயில மணல் மேடு."

"அப்பம் அறுநூறு குதிரையும் நடந்துதான் போணும்னு சொல்லுதீரு" என்று சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

தெருவைப் பார்த்தேன். வீட்டு கேட் வழியாகப் படகு நுழையாது. சுற்றுச்சுவருக்கு மேலே தூக்கித்தான் உள்ளே வைக்க வேண்டும். உள்ளே, படகு உட்காருவதற்கான இரும்புத் தாங்கியைப் போட இடம் இருந்தது. கிரேன் நிற்கிற இடம்தான் சிக்கல். கிரேன் தூக்கும்போது நான்கு பக்கமும் கால்களை நீட்டித் தரையில் ஊன்றிக்கொள்ளும். அந்தத் தெருவில் மூன்று கால் தார் ரோட்டில் நிற்கும். நாலாவது கால் மழைநீர்க் கால்வாயின் சிமெண்ட் மூடி மேல்தான் விழும். வேறு இடம் இல்லை. மூடிக்கு அடியில் வெறும் பள்ளம்.

மோகன் சாரிடம் சொன்னேன். ரயில் தண்டவாளத்துக்குப் போடுகிற மாதிரிப் பெரிய மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கால்வாயின் இரண்டு கரையிலும் படுகிற மாதிரி அடுக்கினால் பாரம் பரவும், தாங்கும். தூக்கி, திருப்பி, உடனே இறக்கிவிட வேண்டும். நிறுத்தி வைக்கக் கூடாது. இதைச் சொன்னேன்.

"உங்களுக்குத் தெரியாததா? பாத்துக்கோங்க" என்றார்.

படகு தாங்கியில் உட்கார வேண்டிய நேரம் ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. அது அவருக்குத் தெரியும். பத்திரிகை அடித்து விருந்தாளிகளுக்கே கொடுத்திருந்தார்கள். எனக்குத்தான் தெரியாது.

லாரிகள் பகலில் ஊருக்குள் வர முடியாது. விடிவதற்குள் படகைக் கோட்டூர்புரம் பாலம் தாண்டிக் கொண்டுவந்துவிட்டோம். அன்று வெள்ளிக்கிழமை. ஒன்பது மணிக்குள் டிரெய்லர் தெருவை விட்டுப் போக வேண்டும் என்று போலீஸ்காரர் சொல்லிவிட்டார். நியாயம்தான். பள்ளிக்கூட வேன்கள் அந்தத் தெருவில்தான் வரும்.

கட்டை அடுக்கினேன். பாஷா பாய் காலை ஊன்றினார். படகின் வயிற்றில் பெல்ட் எங்கே போட வேண்டும் என்று இரண்டு பக்கமும் அம்புக்குறி ஒட்டியிருந்தார்கள். பழனி அந்த இடத்தில்தான் போட்டான். படகுக்குப் பின்பக்கம்தான் கனம். பின் பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். முதலில் டிரெய்லரிலிருந்து ஒரு சாண் தூக்கி நிறுத்தினோம். சாய்கிறதா என்று பார்த்தேன். சாயவில்லை. கிரேன் காலைப் பார்த்தேன். அசையவில்லை. மேலே தூக்கச் சொல்லிக் கை காட்டினேன். படகு சுவரைத் தாண்டியது. டிரெய்லர் கிளம்பிப் போய்விட்டது. சேகரும் பழனியும் கயிற்றைப் பிடித்துப் படகின் மூக்கைத் திருப்பினார்கள். தாங்கிக்கு நேர் மேலே வந்தது. இன்னும் இரண்டு சாண். அப்போது மணி ஒன்பது ஆகவில்லை.

"தம்பி, நிறுத்துங்க" என்றார் அண்ணாச்சியின் அக்கா. "ஒம்பதரைக்கு மேலதான் நல்ல நேரம். அதுக்கு முன்ன கீழ படக்கூடாது."

நான் மோகன் சாரைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அம்மா, இத தொங்கவுடக் கூடாதும்மா. இப்ப எறக்கிடறோம். ஒம்பதரைக்கு ஒரு சாண் தூக்கி மறுபடி வெச்சிக்கலாம்."

"அதெப்படி? மொத தடவ தொட்டா தொட்டதுதான தம்பி?"

சரி என்று இன்னொரு வழி சொன்னேன். தாங்கிக்கு இரண்டு பக்கமும் கட்டை அடுக்கி, அதன் மேல் படகை உட்கார வைத்துவிடலாம். தாங்கியையும் தொடாது, தரையையும் தொடாது. நேரம் வந்ததும் கட்டையை எடுத்துவிடலாம். அந்த அம்மாவுக்குக் கூட அது சரி என்றுதான் பட்டது. தம்பி அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார்.

மோகன் சார் குறுக்கே வந்தார். "கட்டையெல்லாம் ஒரே கிரீஸா இருக்கு மேஸ்திரி. பூஜை நேரத்துல, வீடியோ வேற எடுக்கறாங்க. அரை மணி நேரந்தானே. பாத்துக்கோங்க."

இதைப் பிள்ளைகள் படிக்கும்போது இன்னொரு தடவை படியுங்கள். கட்டை அழுக்கு. அதனால் படகைத் தொங்கவிட்டார்கள்.

பாஷா பாய் கிரேனிலிருந்து தலையை நீட்டினார். "இன்னா மேஸ்திரி, எம்மா நேரம்? இது இன்னா தூளியா, ஆட்டிக்கினே இருக்க?"

"நேரம் பாக்கறாங்க பாய்."

"அவங்களுக்கு நல்ல நேரம். நமக்கு?"

நாயனம் ஆரம்பித்தது. விருந்தாளிகள் எழுந்து வந்து படகுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சேகரை விட்டு அவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னேன். தள்ளி நின்றார்கள். மறுபடியும் வந்தார்கள். பழனி கயிற்றைப் பிடித்தபடியே, "இந்த மாரி கும்பல் நம்ம கல்யாணத்துக்கு கூட வர்லண்ணா" என்றான்.

நான் தெருவுக்குப் போய்க் கிரேன் காலைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. திரும்பி வந்தேன். மறுபடி போனேன். கால்வாய் மூடியின் ஓரத்தில் முடி மாதிரி ஒரு கோடு. முன்னால் அது இல்லை. கட்டையின் நுனியில் சிமெண்ட் தூள் உதிர்ந்து கிடந்தது.

உள்ளே ஓடி மோகன் சாரிடம் சொன்னேன். "சார், கால்வாய் மூடி விரிசல் விடுது. இப்பவே வெக்கணும்."

"அஞ்சே நிமிஷம் மேஸ்திரி. சண்டை போடாதீங்க, எல்லாரும் பாக்கறாங்க."

"எறக்கறேன் சார் நான்."

"பாத்துக்கோங்க" என்றார். முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

இறக்குவது என்றாலும் முதலில் மூடிக்கு மேல் இன்னொரு கட்டை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கொக்கியை அசைக்கிற அசைவிலேயே கால் இறங்கும். பாஷா பாயிடம், எதையும் தொடாதீர்கள் என்று கத்தினேன். சேகரைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் தெருவில் கட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தோம். கேட் திறந்திருந்தது. உள்ளே நடந்ததை நான் முழுதாகப் பார்த்தேன்.

புது வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். எல்லோருக்கும் தெரியும். படகுக்குச் சக்கரம் ஏது. அதனால் தாங்கியில் படகு உட்காரும் நான்கு மெத்தையிலும் ஒவ்வொரு பழம் வைக்க வேண்டும், படகு இறங்கி அதை நசுக்க வேண்டும் என்று ஏற்பாடு. தாம்பாளத்தில் பழம் தயாராக இருந்தது. அக்கா தாம்பாளத்தோடு படகுக்கு அடியில் குனியப் போனார்.

மோகன் சார் இரண்டு எட்டில் வந்து அவரைத் தடுத்தார். "நீங்க வேண்டாம்மா. மேல தொங்குது" என்றார்.

தாம்பாளத்தை அவர் கையிலிருந்து வாங்கினார். திரும்பினார். பழனி கையில் வைத்தார்.

வாயைத் திறக்கவில்லை. பழனி அவர் முகத்தைப் பார்த்தான். அவர் தலையை ஆட்டினார். பழனி கயிற்றை விட்டான். பழத்தை எடுத்துக்கொண்டு குனிந்தான்.

"டேய் பழனி! வெளிய வாடா!" என்று கத்தினேன். நாயனத்தில் கேட்கவில்லை. கட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். அவன் முதல் மூன்று பழத்தை வைத்துவிட்டான். நாலாவதை வைக்க இடக்கையை நீட்டினான். எனக்குப் பின்னால், தெருவில், மூடி உடைகிற சத்தம் கேட்டது.

படகு இறங்கிவிட்டது. இரண்டு சாண்தான்.

படகு தாங்கியைத் தொட்டதைப் பார்த்த தவில்காரர், நேரம் வந்துவிட்டது என்று நினைத்துக் கெட்டிமேளம் கொட்டினார். ஐயர் பூவைத் தூவினார். விருந்தாளிகள் கை தட்டினார்கள். பழனி படகுக்கு அடியில் மண்டியிட்டிருந்தான். கத்தவில்லை. "அண்ணா, சீக்கிரம்ணா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

கிரேனால் தூக்க முடியாது, கால் உள்ளே போய்விட்டது. டிரெய்லரும் போய்விட்டது. கை ஜாக்கி இரண்டு எங்களிடம் இருந்தது. ஒரு பக்கம் சேகர், ஒரு பக்கம் நான். பாஷா பாய் குதித்து வந்து பழனியைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டார். அந்த ஜாக்கியின் பிடியை எத்தனை முறை அழுத்தினேன் என்று தெரியாது. கை வெளியே வந்தது. நடு விரல், மோதிர விரல், சுண்டு விரல் வரவில்லை.

அண்ணாச்சி தோளில் கிடந்த பட்டுத் துண்டை எடுத்துச் சுற்றினார். தன் காரில் ஏற்றினார். தானே பின்சீட்டில் உட்கார்ந்து பழனியின் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் அதைச் செய்தார்.

மோகன் சார் அப்போது முதலில் பேசியது வீடியோக்காரரிடம். "அதை நிறுத்துப்பா" என்றார்.

சில நாள் கழித்து நந்தனத்துக்குக் கூப்பிட்டார்கள். மோகன் சார் எழுந்து நின்றார். "வாங்க மேஸ்திரி, உக்காருங்க." நான் உட்காரவில்லை. காபி வந்தது. கைக்குட்டையை மடித்தார், கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒரு காகிதத்தைப் படித்தார். தெய்வ காரியம் என்ற ஆர்வத்தில், பழனி யாரும் சொல்லாமல் தானாகவே படகுக்கு அடியில் சென்றார் என்று இருந்தது. பார்த்த சாட்சி என்று கீழே என் பெயர்.

"இது பொய் சார்."

"நான் போன்னு சொன்னேனா மேஸ்திரி? நீங்களே சொல்லுங்க. என் வாயிலருந்து ஒரு வார்த்தை வந்துதா?"

"வாய்ல வர்ல சார். கையில வந்துது."

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"அந்தம்மாவ ஏன் சார் நிறுத்துனீங்க? மேல தொங்குதுன்னு சொன்னீங்களே. அவங்களுக்குத் தொங்குது. பழனிக்குத் தொங்கலியா?"

கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கும் வயசாயிடுச்சு. ரொம்ப அலையறீங்க. கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கலாமே" என்றார். பிறகு காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். "பழனியே கையெழுத்துப் போட்டுட்டார். நீங்க எதுக்கு வீம்பு பண்றீங்க? பாத்துக்கோங்க."

பார்த்தேன். பழனியின் கையெழுத்துதான். நான் போடவில்லை. மறுநாள், கிரேனும் கட்டையும் கிடக்கிற கம்பெனி யார்டுக்குப் போனேன். பெல்ட் பெட்டிச் சாவி வேறொருவரிடம் இருந்தது. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. எனக்கு வேலையும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கட்டை மேல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிட்டேன். நான் ஓய்வு பெற்றது இப்படித்தான். சால்வை போட்டதாக வீடியோவில் எங்காவது வந்தால் நம்பாதீர்கள்.

நேராகச் சைதாப்பேட்டை போனேன். ஆட்டோ வாசலில் நின்றது, மேலே சாக்கு போட்டு மூடி. பழனி கட்டிலில் இருந்தான்.

"ஏன்டா கையெழுத்துப் போட்ட?"

"போட்டுட்டண்ணா."

"அதான் ஏன்?"

"ரைட் கை நல்லாத்தானே கீது, கையெழுத்து போட" என்றான்.

எனக்கு அறையலாம் போல இருந்தது. அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள்.

"யார்டுல வாட்ச்மேன் வேல தரேன்னாருண்ணா. போட்டாத்தான் தருவாராம். நீ சொல்லு, நான் இன்னா பண்ண? ஆட்டோ கிளட்ச்சு லெப்ட் கைலண்ணா. கியரும் லெப்ட்டு. ரெண்டு வெரல வெச்சிக்கினு எத்த புடிப்பேன்? பசங்க ஸ்கூலுக்குப் போவணுமில்ல?"

நான் தண்ணீர் குடிக்கவில்லை. வந்துவிட்டேன். அந்தக் கோபம் அவன் மேல் இல்லை. ஆனால் அன்றைக்கு அவன்தான் எதிரில் இருந்தான்.

அதன் பிறகு அண்ணாச்சி அவன் வீட்டுக்குப் போயிருக்கிறார். பழத்தட்டு, வேட்டி, சேலை எல்லாம் கொண்டுபோயிருக்கிறார். கண் கலங்கி, "எனக்கு மனசு கேக்கல தம்பி. நல்ல காரியத்துல ரத்தம் பட்டுட்டு. இனிமே அந்தப் போட்டுல நான் கால் வைக்கவே மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். உண்மையாகத்தான் சொல்லியிருப்பார். பெரிய தியாகம் என்று நினைத்திருப்பார்.

பழனி கேட்டிருக்கிறான்: "நீங்க ஏறாட்டி இன்னா அண்ணாச்சி, எனக்கு வெரல் மொளைக்கவா போவுது? ஏறிப் போங்க. இவ்ளோ பண்ணி எட்த்தாந்தோம். ஒரு ரவுண்டாவது போங்க."

அவர் போகவில்லை. படகுக்கு நீலத் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டார்கள். பழனி யார்டில் கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். ஆட்டோவை மச்சான் எடுத்துக்கொண்டான்.

இந்தக் கட்டுரையைப் பாதி எழுதியிருந்தபோது ஒரு போன் வந்தது. அண்ணாச்சி படகை விற்றுவிட்டார். புதுச்சேரிக்காரர் ஒருவர் வாங்கியிருக்கிறார். எடுத்துப்போக வேறு கம்பெனி. உள்ளே எப்படி வைத்தீர்கள், வந்து காட்டுங்கள் என்று கேட்டார்கள். போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பழனிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு ஆதம்பாக்கத்துக்கே வந்து நின்றான். "நானும் வரேண்ணா" என்றான்.

இந்தத் தடவை தெருவையே அடைத்து, கிரேனை நடு ரோட்டில் நிறுத்தியிருந்தார்கள். யாருக்கும் அவசரம் இல்லை. நேரம் பார்க்கவில்லை. பூவும் இல்லை.

தார்ப்பாயைப் பிரித்தார்கள். உள்ளே எலி குடியிருந்திருக்கிறது. சீட்டெல்லாம் வெயிலில் வெடித்திருந்தது. வாங்கியவரின் மெக்கானிக் ஏறினார். என்னையும் கை கொடுத்து ஏற்றினார். எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டுகிற மீட்டர், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. தான் கொண்டுவந்த பாட்டரியை அவர் இணைத்தார். விளக்கு எரிந்தது.

பழனி கீழே நின்றுகொண்டிருந்தான். இடக்கையைப் படகின் பக்கவாட்டில் வைத்து அண்ணாந்து பார்த்தான்.

"எம்மா நேரம் ஓடிகீதுண்ணா?"

நான் மீட்டர் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்தேன்.

மெக்கானிக் எட்டிப் பார்த்துச் சொன்னார். "இது கடலையே பாக்கல தலைவா. செஞ்ச எடத்துல டெஸ்ட் ஓட்டம் விட்ருக்காங்க. அதோட சரி."

"அத்த வுடு நைனா" என்றான் பழனி. "அண்ணா, நம்பர படி."

படித்தேன்.

ஒன்று புள்ளி எட்டு மணி நேரம்.